நீலம் தீட்டிய புட்டியும் அதனுள் இருக்கும் டெக்கிலாவும்

டெக்கிலா என்பது மெக்சிகோ நாட்டில் அகாவே என்னும் கற்றாழை வகைச் செடியிலிருந்து வடிக்கும் மது. அதில் க்ளாசே அசுல் ரெப்போசாதோ என்ற டெக்கிலாவைப் பற்றிப் பேச்செடுத்தால், டெக்கிலாவை ஊன்றிப் பருகுபவர்கள் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: கொடுக்கும் பணத்தில் பாதி புட்டிக்குப் போகிறது. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து. பால்வெள்ளை உடலும் நீண்ட கழுத்தும் கொண்டு, இறகுகளைப் போல விரியும் நீலக் கோடுகளைத் தாங்கி, உலோக மூடியோடு நிற்கும் அந்தப் பீங்கான் புட்டி, ஒருவர் கையால் தீட்டியது. அந்த உழைப்புக்கு விலை உண்டு, இருக்கவும் வேண்டும். குழப்பம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. புட்டியின் அழகை உள்ளே இருக்கும் திரவத்தின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும்போது இரண்டு தொழில்களுக்குமே நாம் அநீதி செய்கிறோம். எனவே இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் பேச விரும்புகிறேன்.

இரண்டும் உருவாகும் இடங்களே வேறு. டெக்கிலா, மெக்சிகோ நாட்டின் ஹாலிஸ்கோ மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள லோஸ் ஆல்தோஸ் என்னும் செம்மண் மேட்டுநிலத்திலிருந்து வருகிறது. புட்டி, அங்கிருந்து பல மணி நேரச் சாலைப் பயணத் தொலைவில், நாட்டின் பெயரையே கொண்ட மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில் தெமாஸ்கால்சிங்கோ வட்டாரத்தைச் சேர்ந்த சாந்தா மரியா கான்செஸ்தா என்ற ஊரில் உருவாகிறது. அது மசாவா பழங்குடி மக்கள் வாழும் பகுதி. மட்பாண்டத் தொழில் அங்கே நெடுங்காலமாக உண்டு. மெக்சிகோவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலக்காட்சி ஓவியர்களில் தலைசிறந்தவரான ஹோசே மரியா வெலாஸ்கோ 1840இல் பிறந்ததும் இதே தெமாஸ்கால்சிங்கோவில்தான். 1997இல் அர்துரோ லொமெலி தொடங்கிய க்ளாசே அசுல் நிறுவனம், தன் புட்டிகளுக்காக இந்த ஊரின் கைகளைத் தேடிச் சென்றது. ஓவியம் தீட்டும் பணியில் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள்.

நான் குவாதலஹாரா நகரில் பணிபுரிந்த காலத்தில், பக்கத்திலுள்ள த்லாகேபாகே என்னும் கைவினை ஊருக்குப் போய் மட்பாண்டக் கூடங்களில் நின்று பார்ப்பது எனக்கு வழக்கமாக இருந்தது. ஒரு பீங்கான் புட்டியில் எத்தனை இடங்களில் தவறு நேரலாம் என்பதை அங்கேதான் அறிந்தேன். புட்டி சக்கரத்தில் வனையப்படுவதில்லை. களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து, சுண்ணச்சாந்து அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரில் களிமண் ஒரு படலமாகக் கெட்டிப்படும். வேண்டிய தடிமன் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட வேண்டும். சற்றுத் தாமதித்தால் சுவர் தடித்து உள்ளளவு குறையும்; சற்று முந்தினால் கழுத்து நிற்காமல் சாயும். அச்சிலிருந்து எடுத்தபின் விளிம்புகளைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, மெதுவாக உலரவைத்து, முதல் சூளையில் சுடுவார்கள். வண்ணம் தீட்டுவதும், மெருகுப் பூச்சும், இரண்டாம் சூளையும் அதற்குப் பிறகுதான்.

பூஞ்சாடி என்றால் ஒன்று மற்றொன்றைவிட விரல்கனம் சிறியதாக இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. மதுப்புட்டி அப்படியன்று. முத்திரையில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அவ்வளவு திரவம் அதில் அடங்கியாக வேண்டும். களிமண் சூளையில் சுருங்கும்; எவ்வளவு சுருங்கும் என்பது மண்ணின் கலவையையும் வெப்பத்தையும் பொறுத்தது. கழுத்தின் உள்விட்டம் மூடியின் தக்கைக்குப் பொருந்தவும் வேண்டும். மெருகு முழுமையாகக் கண்ணாடித்தன்மை அடையவில்லையென்றால், நாற்பது விழுக்காடு ஆல்கஹால் கொண்ட திரவம் நாளடைவில் சுவர்களுக்குள் கசியத் தொடங்கும். கண்ணாடிப் புட்டியை இயந்திரம் இம்மி பிசகாமல் வார்த்துக் கொடுத்துவிடுகிறது. அதே துல்லியத்தைக் களிமண்ணிலிருந்தும் மனிதக் கையிலிருந்தும் பெறுவது எத்தனை கடினம் என்பதை, இந்தப் புட்டியைக் கையில் எடுப்பவர்கள் ஒரு கணமாவது எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வெள்ளைத் தரையில் நீலம் என்ற வண்ணச் சேர்க்கை, ஸ்பானியர்கள் கொண்டுவந்து புவேப்ளா நகரில் வேரூன்றிய தலவேரா மட்பாண்ட மரபை நினைவூட்டுவது. புவேப்ளா, த்லாக்ஸ்கலா ஆகியவற்றின் தலவேரா 2019இல், ஸ்பெயின் நாட்டு ஊர்களின் மட்பாண்டக் கலையோடு சேர்த்து, யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. க்ளாசே அசுல் புட்டியைத் தலவேரா என்று அழைப்பவர்கள் உண்டு. அது பொருந்தாது. தலவேரா தனக்கென்று மண்ணும் ஊரும் விதிகளும் கொண்ட, புவிசார் பாதுகாப்புப் பெற்ற பொருள். இது மசாவாப் பகுதியில் உருவாகும் வேறொரு பொருள். இரண்டுக்கும் தனித்தனிப் பெருமை இருக்கும்போது ஒன்றின் பெயரை மற்றொன்றுக்குச் சூட்டத் தேவையில்லை.

பீங்கானால் மதுவுக்கு ஒரு நன்மையும் ஓர் இடைஞ்சலும் உண்டு. வெளிச்சம் உள்ளே போகாததால் மரத்திலிருந்து பெற்ற நிறமும் மணமும் ஒளியால் சிதையாமல் இருக்கின்றன. ஆனால் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. திறந்த புட்டியில் மது குறையக் குறையக் காற்று பெருகி, மென்மையான மணங்கள் முதலில் போய்விடும். பாதிக்குக் கீழே இறங்கிய புட்டியை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் காட்சிக்கு வைத்திருப்பவர்கள், தாம் வாங்கிய திரவத்தைத் தாமே மெல்ல இழக்கிறார்கள். அதைப் படுக்கவைக்கவும் கூடாது; தக்கையில் ஆல்கஹால் பட்டுக்கொண்டே இருந்தால் தக்கை கெடும், தக்கையின் வாசம் மதுவில் இறங்கும்.

புட்டியின் வடிவம் பருகும் பழக்கத்தையே மாற்றக்கூடும் என்பதற்கு மெக்சிகோவிலேயே நல்ல சான்று இருக்கிறது. டெக்கிலா புட்டிகள் ஒரு காலத்தில் உயரமாக இருந்ததால், விருந்தினர்கள் எதிரில் இருப்பவரின் முகம் மறையாதிருக்க அவற்றை மேசைக்குக் கீழே வைத்தார்களாம். 1942இல் ஹாலிஸ்கோவின் அத்தோதோனில்கோ ஊரில் டெக்கிலாத் தொழிலைத் தொடங்கிய ஹூலியோ கொன்சாலேஸ், பிற்காலத்தில் தன் குடும்ப விழாவுக்காகக் குட்டையான புட்டியைச் செய்வித்தார் என்பது தோன் ஹூலியோ டெக்கிலாவின் வரலாறாகச் சொல்லப்படுகிறது. முகம் பார்த்துப் பேசுவதற்காகத் தாழ்ந்த அந்தப் புட்டியோடு ஒப்பிட்டால், க்ளாசே அசுல் புட்டி மேசையின் நடுவே எழுந்து நின்று, பேச்சைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வதற்காகவே உயர்ந்தது. மது மேசையில் எனக்குப் பிடித்தது ஹூலியோ கொன்சாலேஸின் எண்ணம்தான்.

இனி உள்ளே இருப்பதைப் பார்ப்போம். அகாவே வகைகளில் டெக்கிலாவுக்குப் பயன்படுவது நீல அகாவே ஒன்றுதான். நம் ஊர் ரயில் பாதை ஓரங்களிலும் வேலிகளிலும் வளரும் ஆனைக் கற்றாழையின் நெருங்கிய உறவு அது. டெக்கிலா என்ற பெயர் 1974 முதல் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது. ஹாலிஸ்கோ மாநிலம் முழுவதிலும், குவானஹுவாதோ, மிச்சோவாகான், நயாரித், தமௌலிபாஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் விளைந்த நீல அகாவேயிலிருந்து, அந்த எல்லைக்குள்ளேயே வடித்தது மட்டுமே டெக்கிலா ஆகும்.

லோஸ் ஆல்தோஸில் உள்ள அரந்தாஸ் ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் முதல்முறை நின்றபோது என்னை நிறுத்தி வைத்தது நிறம். சிவந்த மண்ணில் சாம்பல் படர்ந்த நீலத்தில் செடிகள் வரிசை வரிசையாகக் கண்ணுக்கெட்டும் தூரம்வரை போகின்றன. ஒவ்வொரு செடியும் முதிர்வதற்கு ஆறு, ஏழு ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகும். பூந்தண்டு எழும்பினால் சர்க்கரை அதற்குப் போய்விடும் என்பதால் அதை வெட்டிவிடுகிறார்கள். பூக்க விடாததால் விதை இல்லை. தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் கன்றுகளைப் பெயர்த்தே அடுத்த தலைமுறையை நடுகிறார்கள். இதனால் இலட்சக்கணக்கான செடிகள் ஏறக்குறைய ஒரே மரபணுவைக் கொண்டவையாகி, நோய் வந்தால் மொத்தமாகச் சாய்கின்றன. 1990களின் இறுதியில் அப்படித்தான் நடந்தது.

அறுவடை செய்பவரை ஹிமதோர் என்கிறார்கள். நீண்ட கைப்பிடியும் வட்டமான கூர்முனையும் கொண்ட கோவா என்னும் கருவியால் இலைகளைச் சீவி எறிந்து, நடுவிலுள்ள பெருங்கிழங்கை மட்டும் எடுக்கிறார். பீன்யா எனப்படும் அந்தக் கிழங்கில் இருக்கும் சர்க்கரை அப்படியே நொதிக்காது. அது இனுலின் என்னும் சங்கிலி வடிவில் இருக்கிறது. நீண்ட நேரம் வேகவைத்தால்தான் உடைந்து இனிப்பாகும். க்ளாசே அசுல் தன் அகாவேயைப் பழைய முறைச் செங்கல் அடுப்புகளில் 72 மணி நேரம் வேகவைப்பதாகக் கூறுகிறது. அடுப்பிலிருந்து வந்த அகாவேத் துண்டொன்றை மென்று பார்த்திருக்கிறேன். தணலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இனிப்பும் அதன் கருகிய ஓரத்தின் வாசமும் அதில் இருந்தன. நல்ல டெக்கிலாவில் நான் முதலில் தேடுவது அந்தச் சுவையைத்தான். வெந்ததைப் பிழிந்து, சாற்றை நொதிக்கவிட்டு, வாலை என்னும் வடிகலனில் இருமுறை வடிக்கிறார்கள்.

மர முதிர்ச்சி இதற்குப் பிறகே வருகிறது. இரண்டு மாதமாவது ஓக் மரத்தில் இருந்தால் ரெப்போசாதோ. 600 லிட்டருக்கு மிகாத பீப்பாயில் ஓராண்டாவது இருந்தால் அன்யெஹோ. அதேபோல் மூன்றாண்டு கடந்தால் எக்ஸ்ட்ரா அன்யெஹோ. இந்த மூன்றாவது வகை 2006இல்தான் விதிகளில் நுழைந்தது. க்ளாசே அசுல் ரெப்போசாதோ எட்டு மாதம், அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்களில் வைக்கப்படுகிறது. போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கிக்கு ஒவ்வொரு முறையும் புதிய கரித்த ஓக் கலன் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் உலகெங்கும் போகின்றன. மெக்சிகோ அவற்றை வாங்குகிறது. வெனிலாவும் காய்ச்சிய சர்க்கரையின் மணமும் அந்த மரத்தின் கொடை.

எட்டு மாதம் என்பதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றமடைகிறார்கள். பன்னிரண்டு ஆண்டு, பதினெட்டு ஆண்டு என்று எண்களைப் பார்த்துப் பழகிய விஸ்கி அன்பர்களுக்கு அது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வாற்கோதுமை சில மாதங்களில் விளையும் பயிர். அகாவே மண்ணில் ஏழாண்டு நின்ற பிறகே அடுப்புக்கு வருகிறது. டெக்கிலாவின் வயதில் பெரும்பகுதி வயலில் கழிந்துவிடுகிறது. ஹாலிஸ்கோவின் வெயிலில் பீப்பாய் வேகமாக வேலை செய்யும். ஆவியாகிப் போவதும் அதிகம். ஆண்டுகள் கூடினால் மரம் மேலோங்கி, அந்த ஏழாண்டுச் செடியின் குரலே கேட்காமல் போகும். விலை உயர்ந்த எக்ஸ்ட்ரா அன்யெஹோக்கள் பலவற்றைப் பருகும்போது, இது கரும்பா, தானியமா, அகாவேயா என்று சொல்ல முடியாத நிலை எனக்கு ஏற்பட்டிருக்கிறது. செடியும் மரமும் சமமாகப் பேசும் இடம் ரெப்போசாதோதான் என்பது என் உறுதியான எண்ணம்.

க்ளாசே அசுல் ரெப்போசாதோவை அறையின் இயல்பான வெப்பத்தில், வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, உப்பும் எலுமிச்சையும் இல்லாமல் மிடறு மிடறாகப் பருக வேண்டும். வெந்த அகாவேயின் இனிப்பு முதலில் வரும்; உடனே வெனிலாவும் பாலில் காய்ச்சிய சர்க்கரையின் சுவையும் அதை மூடிக்கொள்ளும். தொண்டையில் எரிச்சல் இல்லை. மிளகின் காரமும் பச்சைத் தழையின் கசப்பும் எனக்கு வேண்டும். அவை இதில் மிகக் குறைவு. டெக்கிலாவுக்குப் புதியவர்கள் இதை விரும்புவதற்கு இந்த மென்மையே காரணம்.

இனிப்பைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். முதிரவைத்த டெக்கிலாவில் எடையில் ஒரு விழுக்காடு வரை நிறமூட்டும் காரமெல், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றைச் சேர்க்க மெக்சிகோவின் விதிகள் இடமளிக்கின்றன. அந்த அளவுக்குள் இருந்தால் முத்திரையில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, எந்த முதிர்ந்த டெக்கிலாவிலும் வெனிலா மணம் மரத்திலிருந்து வந்ததா, வேறு வழியில் வந்ததா என்று நாக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல இயலாது. வாங்குபவருக்கு உதவும் உண்மையான தகவல் சிறிய எழுத்தில் இருக்கிறது: நூறு விழுக்காடு அகாவே என்ற சொற்களும், நோம் என்ற எழுத்துகளோடு வரும் நான்கு இலக்க எண்ணும். அந்த எண் வடிசாலையைக் குறிப்பது. பெயரும் புட்டியும் வேறுவேறான பல டெக்கிலாக்கள் ஒரே எண்ணை, அதாவது ஒரே வடிசாலையைப் பகிர்ந்துகொள்வதை அங்கே காணலாம். நூறு விழுக்காடு என்ற சொற்கள் இல்லையென்றால், சர்க்கரையில் 51 விழுக்காடு மட்டும் அகாவேயிலிருந்து வந்திருக்கலாம்.

விலைக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் முழு அகாவே டெக்கிலாவுக்கு ஏறத்தாழ ஏழு கிலோ பீன்யா வேண்டும் என்பது தொழிலில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. 750 மில்லிலிட்டர் புட்டிக்குச் சற்றேறக்குறைய ஐந்து கிலோ. 2022ஆம் ஆண்டு வாக்கில் அகாவே கிலோ 30 பெசோவை (மெக்சிகோ நாணயம்) ஒட்டி விற்றது. அந்த உச்ச விலையிலும் ஒரு புட்டிக்குள் இருந்த அகாவேயின் மதிப்பு எட்டு டாலரைத் தாண்டவில்லை. 2024இல் அதே அகாவே பத்து பெசோவுக்கும் கீழே சரிந்தது. உச்ச விலையை நம்பி நட்ட சிறு விவசாயிகள் வெட்டுக்கூலிக்கே தவித்தார்கள். அமெரிக்கக் கடைகளில் இந்தப் புட்டியின் விலையோ 150 டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் நிற்கிறது. அடுப்பு, பீப்பாய், வரி, வணிகர் பங்கு, விளம்பரம் எல்லாம் இடையில் உண்டு; பீங்கானும் உண்டு. ஏழாண்டு வெயிலில் நின்றவனுக்குப் போவது இதில் மிகச் சிறு பங்கு என்பதுதான் என்னை உறுத்துகிறது. புட்டி ஓவியருக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்பவர்கள், வயலுக்கு ஏன் இவ்வளவு குறைவாகப் போகிறது என்றும் கேட்டால் நல்லது.

சேகரிப்பாளர்களின் உலகம் தனி. 2006இல் பிளாட்டினத்தாலும் வெள்ளைத் தங்கத்தாலும் ஆன லே 925 டெக்கிலா புட்டி ஒன்று 2,25,000 டாலருக்கு விற்றுக் கின்னஸ் பதிவில் ஏறியது. அதே 2006இல்தான் டெக்கிலா ஊரைச் சுற்றியுள்ள அகாவே நிலப்பரப்பையும் பழைய வடிசாலைகளையும் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. ஹோசே குவேர்வோ நிறுவனம் தன் இருநூறாம் ஆண்டை ஒட்டி 1995இல் வெளியிட்ட ரெசெர்வா தே லா ஃபமிலியா எனக்கு மேலும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது. புட்டியை எளிமையாக விட்டு, அதன் மரப்பெட்டியை ஆண்டுதோறும் ஒரு மெக்சிகோ ஓவியரிடம் ஒப்படைக்கிறார்கள். ஓவியரின் பெயர் வெளியே தெரிகிறது. சாந்தா மரியா கான்செஸ்தாவின் பெண்களுக்கும் அந்தப் பெயர் மரியாதை கிடைக்க வேண்டும்.

முதலீடாக நினைத்துப் புட்டி சேர்ப்பவர்களுக்கு அமெரிக்காவின் ஜிம் பீம் கதை போதும். 1955 முதல் அந்த நிறுவனம் விஸ்கியைப் பீங்கான் உருவங்களில் அடைத்து விற்றது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அவற்றுக்காகவே சங்கங்கள் இயங்கின. பின்னர் ஆர்வம் வடிந்தது. பெரும்பாலான உருவங்கள் இன்று மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. விற்பனைக்காகவே எண்ணற்று உருவாகும் பொருள் கையால் செய்யப்பட்டாலும் அரிய பொருளாகிவிடாது. பிடித்திருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். விளக்காகவும் பூஞ்சாடியாகவும் மாற்றிப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் காலிப் புட்டியை இணையத்தில் முன்பின் தெரியாதவருக்கு மூடியோடு விற்பதை நான் செய்யமாட்டேன். ஒளி புகாத புட்டியில் மலிவான மதுவை நிரப்பி மூடினால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம்.

லோஸ் ஆல்தோஸ் டெக்கிலா எப்படி இருக்கும் என்று அறிய விரும்பும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். அரந்தாஸில் ஃபெலிப்பே கமரேனா 1937இல் தொடங்கிய லா அல்தேன்யா வடிசாலையின் தபத்தியோ ரெப்போசாதோவை, க்ளாசே அசுலின் மூன்றில் ஒரு பங்கு அளவான விலைக்கு வாங்கி, இரண்டையும் ஒரே மாதிரியான கோப்பைகளில், எது எதுவென்று தெரியாதபடி ஊற்றச் சொல்லிப் பருகுங்கள். நண்பர்களோடு அப்படிப் பருகியபோது நான் தபத்தியோவின் மிளகுக் காரத்தைத் தேர்ந்தேன். உடனிருந்தவர்களில் சிலர் க்ளாசே அசுலின் மென்மையைத் தேர்ந்தார்கள். புட்டியைப் பார்க்காமலே அதைத் தேர்ந்தவர்கள் அவர்கள். அந்தத் திரவத்துக்கு அதைவிட நேர்மையான பாராட்டு கிடைக்க முடியாது.